பதினைந்து நாள் கடிகாரம்

திம்மராயனுக்குப் பெண்டாட்டி இரண்டு, கடிகாரம் ஒன்று. பெண்டாட்டிகள் இருவரும் இருந்த இடத்தில் இருந்தார்கள். கடிகாரம்தான் கூடையில் உட்கார்ந்துகொண்டு பஸ்ஸில் போய் வந்தது.

மூத்தவள் செல்வம்மாள் குந்தாரப்பள்ளியில் இருந்தாள். சொந்த வீடு, கிணறு, கொஞ்சம் புஞ்சை, காவேரிப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகள் என்று அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தது. பெயர் சரசம்மா. பண்ணைக்குச் சோளத்தட்டும் புல்லும் வண்டி கட்டி அனுப்புகிற வேலையில் திம்மராயன் வாரக்கணக்கில் மத்திகிரியில் தங்க வேண்டியிருந்தது. அங்கே சோறு ஆக்கிப் போட ஆள் வேண்டும் என்று ஒருநாள் சொன்னான். மறுமாதம் அந்த ஆளைத் தாலி கட்டிக்கொண்டு வந்து நின்றான். இரண்டாம் கல்யாணம் கூடாது என்று சர்க்கார் சட்டம் போடுவதற்கு ஒன்றரை வருஷம் முந்தி நடந்த காரியம் இது. சட்டம் வந்த சேதியைக் கேட்டபோது, சர்க்காரும் தன் வீட்டுக்காரரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டுதான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று செல்வம்மாள் நம்பினாள்.

இரண்டு வீட்டுக்கும் முறை பிரித்துக் கொடுத்தவர் ஊர்ப் பெரியவர் சென்னகிருஷ்ணன். திம்மராயனுக்குச் சித்தப்பா முறை. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை குந்தாரப்பள்ளி, பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை மத்திகிரி என்று அவர் முதலில் சொன்னார். ஆனால் அமாவாசை ஒருநாள் மத்தியானம் பிறக்கிறது, இன்னொரு மாதம் விடியற்காலையில் பிறக்கிறது. அந்த அரை நாள் யாருடையது? செல்வம்மாள் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு மாதம் தவறாமல் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவரும் மனுஷர்தானே, அலுத்துப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூர்ப் பக்கத்துப் பங்களாவில் இருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். நாற்காலி வாங்கப் போன திம்மராயன் கடிகாரத்தோடு வந்தான். பிரெஞ்சு தேசத்து மேசைக் கடிகாரம், துரையின் பாட்டனாருக்கும் முந்தைய காலத்தது. முழு வெண்கலம், மேலே தங்க முலாம். கீழே கறுப்புப் பளிங்கில் பீடம், அதன்மேல் பாறை மாதிரி வார்த்த வெண்கலம், பாறையின் வயிற்றில் வெள்ளைப் பீங்கானில் கடிகார முகம். பாறைக்கு மேலே ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் சின்னக் கிரீடம், கையில் செங்கோல், ஒரு தோளிலிருந்து நழுவுகிற துணி. அவள் காலடியில் ஒரு மயில், பாறையின் பின்பக்கம் வரைக்கும் தோகையை வழியவிட்டு நின்றது.

மயில் இருந்தால் அது யார் வீட்டு மயில் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முருகனைக் காணோம். சென்னகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஐயன் எங்கோ வெளியே போயிருக்கிறார், அம்மாள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு சொன்னார். செல்வம்மாள் உடனே அது தெய்வானை என்று தீர்மானித்துவிட்டாள். முறையாகக் கட்டிய மூத்தவள், கிரீடம் வைத்திருக்கிறாள், வேறு யாராக இருக்க முடியும்? பிறகு ஒருநாள், மத்திகிரியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அதையே வள்ளி என்று சொல்லிக் கும்பிடுவதாகத் திம்மராயன் வாய்தவறிச் சொன்னான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கடிகாரத்துக்கு முழுசாகச் சாவி கொடுத்தால் சரியாகப் பதினைந்து நாள் ஓடும். இதைக் கேட்டதும் பெரியவருக்கு முகம் மலர்ந்தது. பஞ்சாங்கத்தைத் தூக்கிப் பரணில் போடு என்றார். திம்மராயன் ஒரு வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை வைத்துச் சாவி கொடுக்க வேண்டும். அது நிற்கிறவரை அந்த வீட்டு முறை. நின்றதும் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். நடுவில் அவன் சாவி போடக் கூடாது, மற்றவர்கள் கடிகாரத்தைத் தொடவே கூடாது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான் திம்மராயன். ஊரே தலையாட்டியது. திதிக்குத்தான் பிறப்பு இறப்பில் தகராறு, யந்திரம் பொய் சொல்லுமா?

அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி–ஓசூர் பஸ்ஸில் திம்மராயனைத் தெரியாத கண்டக்டர் இல்லை. கூடையில் கேழ்வரகுத் தாளைப் பரப்பி, கடிகாரத்தைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்து, மடியில் வைத்துக்கொள்வான். பெண்டுலத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். சாவி மட்டும் இடுப்புக் கயிற்றில் தொங்கும்.

செல்வம்மாளுக்குக் கடிகாரம் இருக்கிற நாட்கள் ஒரு விதம், இல்லாத நாட்கள் ஒரு விதம். கூடத்தில் மரப்பெட்டியின்மேல் அது இருந்த இடத்தில், கறுப்புப் பளிங்கின் நான்கு கால்களும் பதிந்த வட்டங்கள் இருக்கும். அந்த வட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். இந்நேரம் அங்கே மணி பத்து அடித்திருக்கும், இந்நேரம் அவள் இலை போட்டிருப்பாள், இந்நேரம் இவர் அவளைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே மத்திகிரியில் குடித்தனம் நடத்தினாள். சரசம்மாவை அவள் இரண்டே தரம் பார்த்திருந்தாள், இரண்டும் கூட்டத்துக்கு நடுவில். பார்க்காத மிச்சத்தையெல்லாம் மனசே செய்து வைத்துக்கொண்டது. நீளமான கூந்தல், ஓசூர்ச் சந்தையில் வாங்கின பெங்களூர்ச் சேலை, எதற்கெடுத்தாலும் குழைகிற கன்னடம் கலந்த பேச்சு. அந்தப் பெண்ணுக்கே தெரியாத அழகையெல்லாம் செல்வம்மாள் அவளுக்குக் கொடுத்திருந்தாள்.

ஒருமுறை, கடிகாரம் மத்திகிரியிலிருந்து வந்தபோது மயிலின் கழுத்து மங்கலாக இருப்பதாகப் பட்டது. அங்கே துடைக்கக்கூட இல்லை, நான் துடைத்துக் காட்டுகிறேன் என்று, தொடக் கூடாது என்பதையும் மறந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். குத்துவிளக்குக்கு ஆகிற வைத்தியம் தங்க முலாமுக்கு ஆகுமா? மயில் கழுத்தில் முலாம் போய் உள்ளே இருந்த வெண்கலம் எட்டிப் பார்த்தது. திம்மராயன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரசம்மாவாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொள்கிறாரோ என்பதுதான் அந்த மூன்று நாளும் செல்வம்மாளை அரித்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் அவளுக்குத் துணிச்சல் வந்தது. சனிக்கிழமை திம்மராயன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பான். எண்ணெய் பட்டால் பிசுக்கு ஏறிவிடும் என்று சாவியை அவிழ்த்து மாடத்தில் வைப்பான். சீயக்காயைத் தலையில் அப்பிவிட்டால் பிறகு அவன் கண் திறக்கமாட்டான். "கொஞ்சம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, செல்வம்மாள் வெந்நீர் எடுக்கப் போகிறவள்போல உள்ளே வந்தாள். கடிகார முகத்தில் சாவி போட இரண்டு துளை. ஒன்று முள் ஓடுவதற்கு, ஒன்று மணி அடிப்பதற்கு. அவன் சாவி கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் மனப்பாடம். நின்றுபோன கடிகாரத்துக்கு ஒரு துளைக்குப் பதினைந்து திருகு. ஒரு திருகுக்கு ஒரு நாள்.

பேராசைப்படவில்லை. துளைக்கு மூன்று திருகு மட்டும் கொடுத்தாள். கர்ர் கர்ர் என்று அது போட்ட சத்தம் தெருவுக்கே கேட்பதுபோல இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். ஓடிப்போய் வெந்நீரை ஊற்றினாள், சுடுகிறதென்று அவன் கத்தினான்.

அந்த முறை கடிகாரம் பதினெட்டு நாள் ஓடியது. திம்மராயன் பதினாறாம் நாள் காலையில் கூடையைத் தட்டி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். பதினேழாம் நாளும் பார்த்தான். பெரியவரைக் கூட்டிவந்து காட்டினான். அம்மாளுக்கு இந்த வீடு பிடித்துப்போய்விட்டது, நீ ஏன் குறுக்கே நிற்கிறாய் என்றார் பெரியவர். செல்வம்மாள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிட்ட சாப்பாட்டிலேயே அன்றைக்குச் சாப்பிட்டதுதான் ருசி.

ஐப்பசியில் பத்தொன்பது நாள் ஆயிற்று. கார்த்திகையில் இருபது. மத்திகிரியிலிருந்து ஒரு சண்டை வரும், ஒரு அழுகை வரும், பெரியவரிடம் ஒரு முறையீடு வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நியாயமாக அது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பொறாமைக்கு ஏது நியாயம்? எதிராளி வயிறு எரியவில்லை என்றால் நம் வயிறு இன்னும் கொஞ்சம் எரிகிறது.

மார்கழியில்தான் அந்த அதிசயம் நடந்தது. மத்திகிரிக்குப் போன திம்மராயன் பதினோராம் நாளே கூடையோடு வந்து நின்றான். கடிகாரம் நின்றுவிட்டதாம். அவனுக்கே புரியவில்லை. பஸ் குலுக்கலில் ஏதாவது ஆகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே மரப்பெட்டிமேல் வைத்து, ஒரு காலுக்கடியில் தீக்குச்சியைச் செருகிச் சமன் பார்த்து, சாவி கொடுத்தான். செல்வம்மாள் முறத்தில் அவரைக்காயை வைத்துக்கொண்டு, அவன் திருகுவதை எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றிலேயே சாவி இறுகிவிட்டது.

முறம் அவள் மடியிலேயே நின்றது. உண்மையாக ஓய்ந்து நின்ற கடிகாரத்துக்குப் பதினைந்து திருகு வேண்டும். இதன் வயிற்றில் இன்னும் நாலு நாள் மிச்சம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் இது தானாக நிற்கவில்லை, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். திருகை எண்ணுகிற வழக்கம் திம்மராயனுக்கு இல்லை, சாவி இறுகினால் அவனுக்குப் போதும். இதைத் திருட்டுத்தனமாகத் திருகுகிறவளுக்குத்தான் கணக்குத் தெரியும்.

யார் நிறுத்தியிருப்பார்கள்? அங்கே கடிகாரத்தைத் தொடுகிறவர் அவர் ஒருவர்தான். சரசம்மா எதற்கு நிறுத்தப்போகிறாள்? கையில் கிடைத்த புருஷனை எவளாவது நாலு நாள் முன்னால் அனுப்பிவைப்பாளா? ஆக, நிறுத்தியது அவரேதான். கற்பூரத்தில் அடித்த சத்தியத்தையும் மீறி, தன்னிடம் சீக்கிரம் வருவதற்காக.

அன்றைக்குச் செல்வம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. பதினாறு வயசுக்காரி மாதிரி வெட்கம் வந்தது. பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தாள், களி கிளறினாள், பெட்டியின் அடியிலிருந்து மகள் கல்யாணத்துக்குத் தனக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். சாப்பிடும்போது மெதுவாக, "கெடிகாரத்துக்கு அங்க சீக்கிரமே அலுத்துப் போவுதோ?" என்றாள். திம்மராயன் தலையைத் தூக்காமல் "ம்" என்றான். அந்த ஒரு "ம்" அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த முறை அங்கே ஒன்பது நாளில் நின்றது. ஒன்பது திருகில் இறுகியது. செல்வம்மாள் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசினாள், பாவம் மத்திகிரிக்காரி என்று பச்சாதாபம்கூடப் பட்டாள். ஜெயித்தவர்களுக்குப் பச்சாதாபம் தாராளமாக வரும்.

தை மாதம் ஒரு சந்தை நாள். திம்மராயன் பர்கூர்ப் பக்கம் சோளத்தட்டு விலை பேசப் போயிருந்தான். காலை பத்தரை மணி இருக்கும். வாசலில் ஒரு பெண் ஒரு கறவை மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள், முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள், காலெல்லாம் சந்தைப் புழுதி. அது சரசம்மா என்று தெரிய செல்வம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தான் இத்தனை வருஷம் செய்துவைத்த அழகிக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை.

"அக்கா, மாட்டுக்கு ஒரு வாளி தண்ணி வேணும். சந்தைத் தொட்டியில ஒரே கூட்டம்."

மாடு தாகமாக நிற்கும்போது மறுக்க முடியாது. செல்வம்மாள் கல் தொட்டியைக் கையால் காட்டினாள், வா என்றோ உட்கார் என்றோ சொல்லவில்லை. சரசம்மா தானே கிணற்றில் இறைத்து ஊற்றினாள், தானே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். இது மூன்றாவது மாடு என்றாள். பண்ணைக்காரர்கள் வீடு, டாக்டர் வீடு, ஓட்டல் என்று பதினான்கு இடத்துக்குப் பால் ஊற்றுகிறாளாம். அவள் விரல்கள் கறந்து கறந்து காய்த்துப்போயிருந்ததைச் செல்வம்மாள் பார்த்தாள்.

உள்ளே கடிகாரம் பதினொன்று அடித்தது. இரண்டு பேரும் மனசுக்குள் எண்ணினார்கள்.

வாய் சும்மா இருக்குமா? செல்வம்மாள்தான் ஆரம்பித்தாள். கெடிகாரம் அங்கே நிலைக்கவே மாட்டேனென்கிறதாமே, அம்மாளுக்கு எந்த வீடு பிடிக்கிறதோ அங்கேதானே இருப்பாள் என்று, ஆறுதல் சொல்வதுபோல ஊசியை ஏற்றினாள்.

சரசம்மா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அது தானா நிக்கலக்கா. நான்தான் நிறுத்தனன். பின்னாடி கதவத் தொறந்து ஒரு வெரல வெச்சாப் போதும். கோழிக்குஞ்சப் புடிக்கறாப்பலதான். துளி சத்தம் வராது."

செல்வம்மாளுக்குக் காதில் விழுந்தது மனசில் ஏறவில்லை. எதற்கு என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு நான் கறக்க எழுந்திரிக்கணும். அவருக்கு ஆறு மணிக்கு வெந்நீர் வேணும், ஏழு மணிக்குக் களி வேணும், அப்பறம் எதிர்ல உக்காந்து பேச்சுக் கேக்க ஆள் வேணும். பால் ஊத்தற வீட்லல்லாம் லேட்டு லேட்டுன்றாங்க. கெட்டவரில்லக்கா, தங்கமான மனுசன். அன்னிக்கி எனக்கு ஒரு ஆம்பள பேரு வேண்டியிருந்துச்சு, குடுத்தாரு, இல்லன்னு சொல்லல. இப்ப எனக்கு மாடு இருக்குது. கறவ இல்லாத மாட்ட எத்தினி நாளு கட்டித் தீனி போடறது, நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. அண்டை வீட்டுக்காரியிடம் ஒரு கஷ்டத்தைச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு கதவின் வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். மரப்பெட்டிமேல் முலாம் போன கழுத்தோடு மயில் தெரிந்தது. துரை இருந்த காலத்தில் அந்தப் பங்களாவுக்குப் பண்ணைப் பாலைத் தான்தான் கொண்டுபோய் ஊற்றியதாகச் சொன்னாள். இந்தப் பொம்மை யார் என்று சமையல்காரரைக் கேட்டிருக்கிறாளாம்.

"அது வள்ளியுமில்ல, தெய்வானையுமில்ல. அவங்க ஊரு தேவராசாவோட பொண்டாட்டியாம். அந்த ராசாவுக்கு ஊரெல்லாம் தொடுப்பு. அவரு எங்க போறாரு, எவள பாக்கறாருன்னு காவல் காக்கறதுதான் இவளுக்குச் சோலியாம். அந்தத் தோகையில இருக்கறதெல்லாம் கண்ணாம்க்கா. காவலுக்கு நூறு கண்ணு. பாவம், என்னத்துக்கு அத்தினி கண்ணு."

மாடு குடித்து நிமிர்ந்தது. சரசம்மா கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் தாண்டியவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முழுச் சாவிக்கு அது பதினஞ்சு நாளுதான் ஓடும். இங்க இருபது நாளு ஓடுதுன்னா எனக்குத் தெரியாதாக்கா? நான் யாராண்டயும் சொல்லல. கையெடுத்துக் கும்பிடறன், இன்னும் ஒரு நாலு திருகு சேத்தே குடுங்க."

அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். செல்வம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். திருட்டு வெளிப்பட்டதில் அவமானம் இல்லை. அந்த "ம்" ஒன்றும் இல்லாமல் போனதில்கூட அவ்வளவு வலி இல்லை. ஆறு வருஷமாக இவள் உயிரைக் கொடுத்துப் பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்ததை, அவள் வாசலில் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். இவள் திருடின ஒவ்வொரு நாளும் அவளுக்குச் செய்த உபகாரம். இதுநாள்வரை அவளிடம் இருப்பதைப் பார்த்துத்தான் பொறாமை. இப்போது, வேண்டாம் என்று அவளால் ஒரு விரலை நீட்ட முடிந்ததே, அதைப் பார்த்துப் பொறாமை. முந்தையதைவிட இது மோசமாக எரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. திம்மராயன் சீயக்காய்த் தலையோடு கொல்லையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மாடத்தில் சாவி இருந்தது. செல்வம்மாள் அதை எடுக்கவில்லை. கடிகாரத்தின் பின்கதவைத் திறந்தாள். பெண்டுலம் அப்படியும் இப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. அவரை அனுப்பினால்தானே அவளுக்குக் கஷ்டம், அனுப்பினால் என்ன? அவள் நாலு மணிக்கு எழுந்திருக்கட்டும், வெந்நீர் போடட்டும், எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கட்டும். விரலை நீட்டினாள். சரசம்மா சொன்னது சரிதான், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலத்தான் இருந்தது.

"கெடிகாரம் நின்னு போச்சுங்க. கூடைய எடுத்துக்குங்க" என்று கொல்லையைப் பார்த்துச் சொன்னாள். அவன் வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

அவன் போனான். ஐந்தாம் நாள் திரும்பி வந்தான். இவள் மூன்றாம் நாள் நிறுத்தினாள். அங்கே இரண்டாம் நாள் நின்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், மத்தளமாவது இருந்த இடத்தில் இருந்து இடி வாங்குகிறது. திம்மராயன் ஐம்பது வயதில் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான். சந்தேகப்படத் தெரியாத மனுஷன். ஏலத்தில் ஏமாந்துவிட்டோமோ, யாராவது கண் வைத்துவிட்டார்களோ என்று அவன் யோசனை போயிற்றே தவிர, இரண்டு பெண்களின் இரண்டு விரல்கள்மேல் போகவே இல்லை. கண்டக்டர், கூடைக்கு மாதச் சீட்டு எடுத்துவிடுங்கள் என்று கேலி செய்தாராம். அதைச் சொல்லும்போது திம்மராயன் சிரிக்க முயன்றான்.

மாசி பிறந்து நாலாம் நாள், சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்கு அவன் வந்து சேர்ந்தான். அன்று காலையில்தான் மத்திகிரிக்குப் போயிருந்தான். கூடையை இறக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தில் தாடி நரைத்திருந்தது. சட்டைப் பை பெண்டுலத்தின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வைத்தால் இப்போது ஓடவே மாட்டேனென்கிறது, ஒரு மணி நேரம்கூட நிற்காமல் ஓடவில்லை என்றான். வருகிற வழியில் பெரியவரைப் பார்த்தானாம். எந்த வீட்டில் ஓடுகிறதோ அந்த வீட்டிலேயே இருந்துவிடட்டும், கடிகாரமும் நீயும், இதுதான் என் கடைசிப் பேச்சு என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

"செல்வம்," என்றான். "இது எங்கதான் ஓடும்? இங்கயாவது ஓடுமா?"

அவள் கூடையை வாங்கினாள். வேட்டித் துணியை அவிழ்த்தாள். மரப்பெட்டிமேல் பழைய வட்டங்களின்மேல் நான்கு காலும் படிகிற மாதிரி வைத்தாள், தீக்குச்சியைச் செருகினாள், அவன் பையிலிருந்து பெண்டுலத்தை எடுத்து மாட்டினாள். பிறகு அவன் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தாள். அவன் தடுக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், அவன் பார்த்துக்கொண்டிருக்க, சாவியைப் போட்டு இறுகுகிற வரைக்கும் திருகினாள், முள்ளை நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். பெண்டுலத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். அது ஓடத் தொடங்கியது. திம்மராயன் பெருமூச்சு விட்டான். செல்வம்மாள் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இனி முறை இல்லை, கூடை இல்லை. புருஷன் முழுசாக அவளுடையவன். இதற்காகத்தான் ஆறு வருஷம் வெந்தாள். மயில்காரி தோகை நிறையக் கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை இப்போது அவள் பார்க்க வேண்டும் என்றுதான் செல்வம்மாளுக்கு முதலில் தோன்றியது. முந்தானையில் சாவி இருப்பதை அந்தச் சரசம்மா வந்து பார்க்க வேண்டும். அடுத்த நிமிஷமே, பார்த்தால் அவள் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. ஒருவேளை இந்நேரம் சாயங்காலக் கறவைக்கு உட்கார்ந்து, ஏதாவது பாட்டுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

உள்ளே கடிகாரம் ஐந்தரைக்கான ஒற்றை மணியை அடித்தது. வெந்நீர் இருக்கிறதா என்று திம்மராயன் கேட்டான். செல்வம்மாள் அடுப்படிக்குப் போய், புகையே இல்லாத அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.